பனிமலை வாத்தியாருக்கு யார் பாடம் எடுப்பது?

கொலராடோவின் பெரிய ஸ்கீ ரிசார்ட்டுகளில், சீசன் உச்சத்தில் ஒரு நாள் முழுக்கத் தனி வகுப்பு எடுக்க ஆயிரம் டாலருக்கு மேல் ஆகிவிடும். அவ்வளவு காசு கொடுத்துவிட்டு, வந்து நிற்கும் பயிற்றுநரிடம் “உங்ககிட்ட லைசென்ஸ் இருக்கா?” என்று கேட்டால் அவர் சிரித்துவிடுவார். ஸ்கீ கற்றுக்கொடுக்க அங்கே அரசு உரிமம் என்று ஒன்று கிடையாது. அதே கொலராடோவில் முடி வெட்ட உரிமம் வேண்டும், நகத்துக்குச் சாயம் பூசக்கூட வேண்டும். ஆறு வயதுக் குழந்தையை இரண்டு பலகைகளின் மேல் நிற்கவைத்து மலையிலிருந்து கீழே கூட்டி வர உரிமம் வேண்டாம். ரிசார்ட் வேலைக்கு எடுத்துக்கொண்டால் போதும்.

பிரான்ஸில் இது நடக்காது. காசு வாங்கிக்கொண்டு ஸ்கீ சொல்லித்தருபவர் அரசுச் சான்று வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தச் சான்றுக்கான பயிற்சியிலாவது இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் மாட்டினால் ஓராண்டு வரை சிறை, 15,000 யூரோ வரை அபராதம் என்கிறது சட்டம். சான்று வாங்கவே பல ஆண்டுகள் ஓடிவிடும். வாங்கிய பிறகும் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்புப் பயிற்சிக்குப் போயே ஆக வேண்டும்.

சட்டம் பிடித்துத் தள்ளாத இடத்தில் ஒரு தொழில் தன் ஆட்களை எப்படித் தேற்றுகிறது என்று பார்க்க அமெரிக்காதான் தோதான இடம். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே ஒரு பயிற்சி ஏற்பாடு வளர்ந்து வந்திருக்கிறது. என் கணக்கில் அதன் பாடத்திட்டம் உலகத்தரம். கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. அந்தப் பாடத்தை நன்றாகப் படித்துத் தேறியவர், அவர் யாருக்கு அதிகம் தேவையோ அந்த ஆளிடம் போய்ச் சேருவதேயில்லை.

பனியைப் பார்த்திராதவர்களுக்காகச் சுருக்கமாக ஒன்று. ஸ்கீ என்றால் காலுக்கு ஒரு நீளப் பலகை, கையில் இரண்டு கோல், முகம் போகும் திசையைப் பார்த்தபடி இருக்கும். ஸ்னோபோர்டில் ஒரே பலகையில் இரண்டு காலையும் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் நின்று போக வேண்டும். இரண்டிலுமே பிரேக் என்று தனியாக எதுவும் இல்லை. திரும்பத் தெரிந்தால்தான் நிற்கத் தெரியும். அதனால்தான் இதற்கு வாத்தியார் வேண்டியிருக்கிறது.

இந்த வாத்தியார் வேலைக்கு ஒரு ஒழுங்கைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஆஸ்திரியாவின் ஹானஸ் ஷ்னைடர். 1907-இல் ஆர்ல்பெர்க் மலைப்பகுதியில் உள்ள ஸாங்க்ட் ஆன்டன் ஊரின் ஒரு ஹோட்டலில் ஸ்கீ சொல்லித்தரும் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். முதல் உலகப்போரில் மலைப்படை வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். கூட்டம் கூட்டமாக ஆட்களைக் குறுகிய காலத்தில் தேற்றுவது எப்படி என்ற வித்தை அங்கே அவருக்குக் கைவந்தது. போர் முடிந்து ஊர் திரும்பித் தொடங்கிய பள்ளியில் மாணவர்களைத் திறமைவாரியாகப் பிரித்தார். எல்லாப் பயிற்றுநர்களும் ஒரே முறையை ஒரே வரிசையில் சொல்லித்தர வேண்டும் என்றார். இன்றைக்கு ஒரு வாத்தியார், நாளைக்கு வேறொருவர் என்றாலும் மாணவனுக்குப் பாடம் அறுபடாது. ஆசிரியருக்கே முதலில் பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் இந்தத் தொழிலுக்குள் வந்தது இந்த வழியில்தான். 1938-இல் நாஜிகள் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்ததும் ஷ்னைடரைக் கைது செய்தார்கள். மறு ஆண்டு அவர் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷைரில் உள்ள நார்த் கான்வேக்கு வந்து சேர்ந்தார்.

அவரைப் போல ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள்தான் அமெரிக்க ஸ்கீ பள்ளிகளின் முதல் தலைமுறை. ஆனால் ஒவ்வொருவரும் அவரவர் நாட்டு முறையைக் கூடவே கொண்டுவந்தார்கள். 1950-களில் பிரெஞ்சு முறைக்காரர் உடம்பைத் திரும்பும் பக்கமே சுழற்று என்பார். ஆஸ்திரிய முறைக்காரர் தோளை எதிர்ப்பக்கம் திருப்பு என்பார். ஒரு மலையில் கற்றதை அடுத்த மலையில் தப்பு என்றால், காசு கொடுத்துக் கற்க வந்தவர் என்ன செய்வார்? இந்தக் குழப்பத்துக்கு முடிவுகட்டத்தான் 1961-இல் மான்டானாவின் ஒயிட்ஃபிஷ் ஊரில் ‘புரொஃபஷனல் ஸ்கீ இன்ஸ்ட்ரக்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா’ என்ற சங்கம் உருவானது. ஸ்னோபோர்டு பயிற்றுநர்களுக்கான அதன் துணைச் சங்கம் 1997-இல் வந்தது. இப்போது இரண்டும் ஒரே கூரையின் கீழ், முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களோடு இயங்குகின்றன. கனடாவில் இதே வேலையைச் செய்யும் சங்கம் 1938-லேயே தொடங்கிவிட்டது. பிரிட்டனில் 1963.

சங்கம் கொடுக்கும் சான்று மூன்று நிலைகளில் இருக்கிறது. முதல் நிலைக்காரர் புதிதாக வருபவர்களையும் ஓரளவு பழகியவர்களையும் கையாளலாம். இரண்டாம் நிலைக்காரர் இடைநிலை ஆட்கள் வரை போகலாம். மூன்றாம் நிலைக்காரருக்கு எல்லை கிடையாது, செங்குத்துச் சரிவில் மேடுபள்ளங்களுக்கு நடுவே போகிறவருக்கும் அவர் பாடம் எடுப்பார். முதல் நிலையை முதல் சீசனிலேயே முடித்துவிடலாம். மூன்றாவதுக்குப் பல சீசன் உழைக்க வேண்டும், ஒருமுறைக்கு இருமுறை தேர்வில் விழுந்து எழுந்தவர்கள்தான் அதிகம். சான்று கையில் இருந்தாலும் அதைத் தக்கவைக்கத் தொடர்ந்து படிக்க வேண்டும். இரண்டு சீசனுக்குள் 12 புள்ளி சேர்க்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு, ஏறக்குறைய இரண்டு நாள் பயிற்சி.

தேர்வு எப்படி இருக்கும் என்றால், தேர்வாளர் எட்டுப் பத்து பேரை மலைக்குக் கூட்டிப்போவார். கூட வருபவர்களே மாறி மாறி மாணவராகவும் ஆசிரியராகவும் இருப்பார்கள். மதிப்பெண் 1 முதல் 6 வரை. தேவையான கூறுகள் கண்ணில் படவேயில்லை என்றால் 1. எப்போதும் மிகச் சிறப்பாக இருந்தால் 6. திருப்தியான அளவில் தொடர்ந்து தெரிந்தால் 4, அதுதான் தேறும் எண். இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது, எதற்கெல்லாம் மதிப்பெண் போடுகிறார்கள் என்பதுதான். பனியில் போகும் திறமையும் அதைப் பற்றிய அறிவும் கற்றுக்கொடுக்கும் திறனும் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். இவற்றோடு, ஆட்களோடு பழகும் திறன் என்று தனியாக ஒரு பிரிவு இருக்கிறது. எதிரே நிற்பவர் என்ன நினைக்கிறார் என்று புரிந்துகொள்கிறாரா, கேட்கிறாரா, தன் கோபதாபத்தை அடக்கத் தெரிந்திருக்கிறதா என்றெல்லாம் தேர்வாளர் பார்த்து எண் போடுகிறார். ஒரு காலத்தில் இந்தத் தொழிலில் அழகாக ஸ்கீ போகிறவர்தான் நல்ல வாத்தியார். மலை உச்சியிலிருந்து ‘என்னைப் பார்த்து வா’ என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். அங்கிருந்து இங்கே வந்திருக்கிறார்கள் என்பது லேசான விஷயமில்லை.

தேர்வு ஆண்டில் ஓரிரு நாள் சங்கதி. தினப்படி வளர்ச்சி நடப்பது ‘கிளினிக்’ என்று அவர்கள் சொல்லும் சிறு வகுப்புகளில். காலையில் வாடிக்கையாளர்கள் வருவதற்கு முன்போ, வகுப்பு கிடைக்காமல் சும்மா நிற்கும் நேரத்திலோ, மூத்த பயிற்றுநர் ஒருவர் சிலரைக் கூட்டிக்கொண்டு, கம்பிவடத்தில் ஆட்களை மலைமேல் ஏற்றிச்செல்லும் லிஃப்டில் ஏறுவார். ஒருவர் பின் ஒருவராக இறங்கி, நின்று, அடுத்தவர் வருவதைக் கீழேயிருந்து பார்ப்பார்கள். செல்போனில் படம் பிடித்து அங்கேயே போட்டுப் பார்ப்பதும் உண்டு. பார்த்தது என்ன, அதற்குக் காரணம் என்ன, ஒன்றே ஒன்றை மாற்றச் சொல்வதானால் எதைச் சொல்வாய் என்று மூத்தவர் கேட்பார். அசைவைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் இந்தப் பயிற்சிதான் தொழிலின் உயிர்நாடி.

கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். முப்பது வயதுக்காரர் ஒருவர், ஸ்கீயில் இரண்டாம் நாள். பலகைகளின் முனைகளை நெருக்கி, பின்பக்கத்தை விரித்து, ஆப்பு வடிவத்தில் வைத்துக்கொண்டு மெதுவாக இறங்குகிறார். குழந்தைகளிடம் இதை ‘பீட்சா’ என்பார்கள். வேகம் கொஞ்சம் கூடியதும் நாற்காலியில் உட்காரப்போகிறவர் போலப் பின்னால் சாய்கிறார். எடை குதிகாலுக்குப் போனதும் பலகையின் முன்பகுதி லேசாகிவிடுகிறது. முன்பகுதி பனியைப் பிடிக்காவிட்டால் பலகை திரும்பாது, திரும்பாவிட்டால் வேகம் குறையாது. வேகம் குறையாததால் இன்னும் பின்னால் சாய்வார். இரண்டு திருப்பத்துக்குள் விழுந்துவிடுவார்.

புதுப் பயிற்றுநர் கீழேயிருந்து “முன்னால் சாயுங்க!” என்று கத்துவார். கேட்டவர் இடுப்பை மடக்கித் தலையை முன்னால் நீட்டுவார், பின்புறம் இன்னும் பின்னுக்குப் போகும். எடை இருந்த இடத்திலேயே இருக்கும். பயிற்றுநர் இன்னும் சத்தமாக அதையே சொல்வார். காலை வகுப்புகளில் எந்தப் புதியவர் சரிவிலும் இந்தக் கூத்தைப் பார்க்கலாம்.

தேர்ந்தவர் பனியிலிருந்து தொடங்கி மேலே வருவார். பலகை என்ன செய்கிறது? முன்பகுதி அலைகிறது. அப்படியென்றால் எடை எங்கே? குதிகாலில். ஏன்? இந்த ஏனுக்கு ஒரு பதில்தான் என்றில்லை. வாடகை பூட்ஸ் ஒரு அளவு பெரிதாக இருக்கலாம், அல்லது கொக்கிகளை இறுக்காமல் விட்டிருக்கலாம். கணைக்கால் பூட்ஸின் முன்நாக்கில் படாவிட்டால் எவ்வளவு முன்னால் சாய்ந்தாலும் அந்த எடை பலகைக்குப் போகாது. பூட்ஸ் சரியாக இருந்தால் கண்ணைப் பார்ப்பார். பலகை முனையையே வெறித்துப் பார்க்கிறவர் தானாகக் கூனிப்போவார். அதுவும் சரி என்றால் சரிவைப் பார்ப்பார். பெரும்பாலும் விடை அங்கேதான் இருக்கும். சரிவு அந்த ஆளுக்குக் கூடுதலாகச் செங்குத்து. பயந்த உடம்பு பள்ளத்திலிருந்து விலகத்தான் பார்க்கும், வாத்தியார் எவ்வளவு கத்தினாலும் அது கேட்காது. உடம்பைத் திருத்துவதை விட்டுவிட்டு ஆளைத் தட்டையான இடத்துக்குக் கூட்டிப்போய், “கணைக்கால் பூட்ஸை அழுத்துதா, பாருங்க” என்று ஒன்றை மட்டும் சொல்லிப் பத்துத் தடவை போகவிடுவார். பாதி நேரம் அதுவே போதும்.

இந்தப் பார்வைக்கு அடியில் இருக்கும் கோட்பாட்டைச் சங்கம் ஐந்து அடிப்படைகளாகச் சொல்கிறது. எடையைப் பலகையின் முன்னும் பின்னும் கையாளுதல், திருப்பத்தின் வெளிப்பக்கப் பலகைக்கு எடையை அனுப்புதல், விளிம்பைச் சாய்த்தல், மேலுடம்பு அசையாமல் கால்களைத் திருப்புதல், அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தல். அவ்வளவுதான். முதல் நாள் வந்தவருக்கும் ஒலிம்பிக் வீரருக்கும் இதே ஐந்துதான். கையை இப்படி வை, முழங்காலை அப்படி மடக்கு என்ற பழைய தோரணைப் பாடங்கள் இதில் இல்லை.

தோரணையை விட்டு இயக்கத்துக்கு மாறியதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. கருவி மாறிக்கொண்டே இருக்கிறது. 1990-களின் தொடக்கம் வரை ஸ்கீ பலகைகள் இரண்டு மீட்டர் நீளத்தில் ஏறக்குறைய நேராக இருந்தன. அவற்றைத் திருப்ப உடம்பை ஒரு கணம் தூக்கி எடையைக் குறைத்து, பலகையைத் தள்ள வேண்டும். ஸ்லோவேனியாவின் எலான் நிறுவனம் 1993 வாக்கில் இடைசிறுத்த, குட்டையான பலகையைக் கொண்டுவந்தது. அதைச் சாய்த்தாலே விளிம்பின் வளைவில் அது தானாகத் திரும்பும். சில ஆண்டுகளுக்குள் எல்லா நிறுவனமும் அந்த வழிக்கு வந்துவிட்டது. இருபது ஆண்டு அனுபவம் உள்ள வாத்தியார்கள் தங்கள் பெருமையான ‘தூக்கித் தள்ளும்’ பழக்கத்தை மறந்தாக வேண்டிய நிலை. மறக்க மாட்டேன் என்றவர்களுடைய மாணவர்கள் புதுப் பலகையில் பழைய கஷ்டத்தைப் பட்டார்கள்.

ஸ்னோபோர்டு தந்த அதிர்ச்சி இன்னும் பெரியது. 1980-களின் தொடக்கத்தில் பெரும்பாலான மலைகள் அதை உள்ளேயே விடவில்லை. வெர்மான்ட்டின் ஸ்ட்ராட்டன் மலை 1983-இல் கதவைத் திறந்தது. இன்றும் யூட்டாவின் ஆல்டா, டியர் வேலி, வெர்மான்ட்டின் மேட் ரிவர் க்ளென் ஆகிய மூன்று இடங்களில் அமெரிக்காவில் ஸ்னோபோர்டுக்கு அனுமதியில்லை. உள்ளே வந்த ஸ்னோபோர்டர்களுக்குச் சொல்லித்தர ஆள் இல்லாமல், ஸ்கீ பாடத்தையே மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். ஒட்டவில்லை. ஸ்கீயில் கால்களை விரித்து நிற்கலாம், ஸ்னோபோர்டில் இரண்டு காலும் பூட்டியிருக்கும். சரிவுப்பக்க விளிம்பு பனியில் மாட்டினால் ஆள் கண்ணிமைக்கும் நேரத்தில் தரையில் கிடப்பார். கையை ஊன்றினால் மணிக்கட்டு போகும், புதியவர்களிடம் அதிகம் காணும் காயம் அதுதான். அதனால் நல்ல ஸ்னோபோர்டு வாத்தியார் நிற்கச் சொல்லித்தருவதற்கு முன் விழச் சொல்லித்தருவார். கையை நீட்டாமல், விரலை மடக்கிக்கொண்டு, முன்கையில் விழ வேண்டும்.

ஸ்கீ வாத்தியார் ஒரு சீசன் ஸ்னோபோர்டு கற்க வேண்டும், ஸ்னோபோர்டுக்காரர் ஸ்கீ கற்க வேண்டும் என்று மூத்தவர்கள் சொல்வதுண்டு. இரண்டு பாடம் எடுத்தால் வகுப்பும் கூடுதலாகக் கிடைக்கும், அது ஒரு லாபம். உண்மையான லாபம் வேறு. மூன்று வயதிலிருந்து பனியில் திரிந்த ஆளுக்கு, முதல் நாள் பயம் எப்படி இருக்கும் என்று நினைவே இருக்காது. லிஃப்டிலிருந்து இறங்கும்போது நாலு பேர் முன்னால் குப்புற விழுந்தால் நினைவு வந்துவிடும்.

சரி, பிரான்ஸுக்குத் திரும்பிப் போவோம். அங்கே முதலில், நட்டுவைத்த கம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலம் தேர்வு ஒன்றில் நேரத்துக்குள் வந்தால்தான் பயிற்சிக்குள்ளேயே நுழைய முடியும். பிறகு ஸ்கீ பள்ளியில் பயிற்சி ஆசிரியராக வேலை, நடுநடுவே படிப்பு, பனிச்சரிவு அபாயமும் பாதுகாப்பும் பற்றிய தேர்வு. இவற்றுக்கிடையே யூரோடெஸ்ட் என்ற ஜெயன்ட் ஸ்லாலம் பந்தயம் நிற்கிறது, கம்புகளுக்கு இடைவெளியும் வேகமும் கூடிய ஸ்லாலம் அது. முதலில் தேர்ந்த ஓட்டக்காரர்கள் இறங்கி ஒரு அடிப்படை நேரம் கணிக்கப்படும். ஆண்கள் அதைவிட 18 சதவீதத்துக்குள், பெண்கள் 24 சதவீதத்துக்குள் வந்தாக வேண்டும். சிறுவயதில் பந்தயத்தில் ஓடாத ஆளுக்கு இது பெரும் மதில். பல ஆண்டு இதற்கென்றே பயிற்சி எடுத்தும் தாண்ட முடியாமல் தொழிலை விட்டவர்கள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் நாடுகளுக்கிடையே பயிற்றுநர்கள் வேலைக்குப் போய்வரப் பொதுத் தேர்வு ஒன்றைச் சட்டமாக்கியபோதும் வேகத் தேர்வு அதற்குள் இடம்பிடித்தது.

ஆறு வயதுக் குழந்தைக்கு பீட்சா சொல்லித்தர ஜெயன்ட் ஸ்லாலம் எதற்கு என்ற கேள்வி பழையது. பிரெஞ்சுத் தரப்புக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. எந்தச் சரிவிலும் தன் உடம்பைப் பற்றி நினைக்கத் தேவையில்லாத ஆளுக்குத்தான் கவனம் முழுவதையும் மாணவன் மேல் வைக்க முடியும். கடிகாரத்தைச் சிபாரிசு பிடித்து வளைக்கவும் முடியாது. இரண்டும் உண்மை. ஆனாலும் வேலையைப் பாதுகாக்கும் வேலியாகவும் அது பயன்படுகிறது என்பதை மறைக்க முடியாது. கற்றுக்கொடுக்கும் திறமையை அளப்பது கடினம், வேகத்தை அளப்பது சுலபம், சுலபமானதை அளந்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மதிலைத் தாண்டிய பிரெஞ்சுப் பயிற்றுநர் அந்தத் தொழிலை வைத்துக் குடும்பம் நடத்த முடிகிறது. பள்ளியின் பெயரில் வேலை செய்தாலும் அவர் சுயதொழில் செய்பவர்.

அமெரிக்கப் பயிற்றுநருக்கு அந்த வசதி இல்லை. மேற்கு மாநிலங்களின் பெரிய ரிசார்ட்டுகள் பல தேசிய வனநிலத்தில் இருக்கின்றன. நாட்டில் அப்படி 120-க்கும் மேல் உண்டு. அங்கே தொழில் நடத்தும் அனுமதி ரிசார்ட்டிடம் இருக்கும். எவ்வளவு பெரிய சான்று வைத்திருந்தாலும் தனியாக மாணவரைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பாடம் எடுத்தால் சட்டவிரோதம். ஆகவே வகுப்புக்கு என்ன விலை, அதில் ஆசிரியருக்கு எவ்வளவு என்பதை ரிசார்ட்தான் தீர்மானிக்கும். ஆயிரம் டாலர் வகுப்பில் பயிற்றுநர் கைக்குப் போவது சிறு பங்கு. பல ஸ்கீ ரிசார்ட்டுகளை நடத்தும் வெய்ல் ரிசார்ட்ஸ் நிறுவனம் தன் ஊழியர்களுக்கான குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 20 டாலராக உயர்த்தப்போவதாக 2022-இல் அறிவித்தபோது அது பெரிய செய்தி. அந்தப் பகுதிகளின் வீட்டு வாடகை தெரிந்தவர்களுக்கு அது பெரிய தொகையாகத் தெரியாது.

இந்தச் சம்பளத்திலிருந்துதான் சங்கத்தின் ஆண்டுச் சந்தா, தேர்வுக் கட்டணம், வெளியூர்த் தேர்வுக்குத் தங்கும் செலவு எல்லாம் போக வேண்டும். தேர்வு நாளில் வகுப்பு எடுக்காததால் அன்றைய வருமானமும் இல்லை. சில ரிசார்ட்டுகள் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும், சில தராது. ஒரு நிலை தேறினால் மணிக்குச் சில டாலர் கூடும். போட்ட காசு திரும்பி வர எத்தனை சீசன் ஆகும் என்று கணக்குப் போட்டால் யாரும் தேர்வுக்குப் போக மாட்டார்கள். போகிறவர்கள் பனியின் மேல் உள்ள பைத்தியத்தால் போகிறார்கள். அல்லது சான்று காட்டினால் ஜூன் மாதம் நியூசிலாந்திலோ சிலியிலோ வேலை கிடைக்கும், வருடத்தில் இரண்டு குளிர்காலம் சம்பாதிக்கலாம் என்பதற்காகப் போகிறார்கள்.

மணிக்கூலி உயர்வை விடப் பெரிய பலன் ஒன்று சான்றுக்கு உண்டு. மேல்நிலை தேறியவரைப் பெயர் சொல்லிக் கேட்டு வரும் தனி வகுப்புக்காரர்கள் கிடைப்பார்கள். டிப்ஸும் அங்கேதான். அவர்கள் ஏற்கெனவே நன்றாகப் போகத் தெரிந்தவர்கள், வருடா வருடம் வருபவர்கள். அப்படியானால் முதல் நாள் கூட்டத்தை யார் பார்ப்பது? நவம்பரில் வேலைக்குச் சேர்ந்து, சில நாள் பயிற்சி முடித்து, சீருடை இன்னும் கசங்காத இளைஞர். நம்மூர்ப் பள்ளிகளில் எல்.கே.ஜி.க்குச் சம்பளம் குறைந்த டீச்சரையும் பிளஸ் டூவுக்கு அனுபவஸ்தரையும் போடுகிற அதே கணக்கு. பின்னால் சாய்ந்த முப்பது வயதுக்காரரைப் பூட்ஸிலிருந்து கண் வரை படிக்கத் தெரிந்த ஆள், அந்த நேரத்தில் மலையின் மறுபக்கம் ஒரு வங்கி அதிகாரிக்குத் திருப்பத்தின் கடைசி நுணுக்கத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார்.

இதன் விலை என்னவென்று அந்தத் தொழிலுக்கே தெரியும். அமெரிக்க ஸ்கீ ரிசார்ட்டுகளின் சங்கம் 2000-இல் வளர்ச்சித் திட்டம் ஒன்றை வகுத்தபோது எடுத்த கணக்குப்படி, முதல்முறை வந்து முயன்றவர்களில் சுமார் 15 சதவீதம் பேர்தான் இந்த விளையாட்டில் தங்கினார்கள். மற்றவர்கள் போனது போனதுதான். குளிர், செலவு, நனைந்த காலுறை என்று பல காரணம் உண்டு, எல்லாப் பழியையும் வாத்தியார் தலையில் போட முடியாது. ஆனால் முதல் நாளில் ஒருவரைத் தங்கவைக்கவோ துரத்தவோ கூடியவர்களில் வாத்தியார்தான் முதல் ஆள். அந்த இடத்தில் தொழிலின் மிகக் குறைந்த அனுபவத்தை நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறாக நடக்கும் ஒரு மூலை இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான ஸ்கீ. கொலராடோவின் வின்ட்டர் பார்க்கில் 1970-இல் ஹால் ஓ’லியரி, டென்வர் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து வந்த, கால் இழந்த குழந்தைகளுக்குச் சொல்லித்தரத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று அங்கே இருக்கும் தேசிய மையம். ஒரு காலில் நின்று, கைக்கோல்களின் நுனியிலும் சிறு பலகை பூட்டிக்கொண்டு போகிறவர்கள் அங்கே உண்டு. இருக்கை பொருத்திய ஒற்றைப் பலகையில் உட்கார்ந்து போகிறவர்களும், பின்னால் வரும் பயிற்றுநரின் குரலைக் கேட்டே திரும்பும் பார்வையற்றவர்களும் உண்டு. சங்கத்தில் இதற்கென்று தனிச் சான்று வரிசையே இருக்கிறது. இந்த வகுப்பில் ‘என்னைப் பார்த்துச் செய்’ என்று சொல்ல வழியில்லை. வருகிற ஒவ்வொருவரின் உடம்பும் வேறு. எடை எங்கே, விளிம்பு எங்கே, இந்த உடம்பில் எந்த மூட்டு எதைச் செய்ய முடியும் என்று பயிற்றுநர் முதலிலிருந்து யோசித்தாக வேண்டும். முதல் நாள் ஆளோடு தேர்ந்த ஆளை நிறுத்துவது அங்கே தவிர்க்க முடியாத வழக்கம். அங்கே சில சீசன் உதவிக்குப் போய்வந்த பயிற்றுநரைச் சாதாரண வகுப்பில் பார்த்தாலும் தெரிந்துவிடும். பேச்சு குறைவாக இருக்கும், பார்ப்பது அதிகமாக இருக்கும்.

மற்ற ரிசார்ட்டுகள் தேடிய தீர்வு வேறு மாதிரியானது. ஆசிரியரைத் தேற்றுவது கடினம் என்றால் பனியையே ஆசிரியராக்கிவிடலாம் என்றார்கள். புதியவர் சரிவில் பனியைக் குவித்து, வேகம் தானாகக் குறையும்படி தொட்டி போலவும், சிறு அலைகள் போலவும், வளைந்த கரை போலவும் செதுக்கிவிடுவது. கரையில் ஏறினால் பலகை தானே திரும்பும், தொட்டியின் மறுபக்கம் ஏறும்போது தானே நிற்கும். பயம் வருவதற்கு முன்பே உடம்புக்கு அந்த அனுபவம் கிடைத்துவிடுகிறது. நியூ ஜெர்சியில் ஒரு மாலுக்குள் 2019 டிசம்பரில் திறந்த பிக் ஸ்னோ, வட அமெரிக்காவின் முதல் உள்ளரங்க ஸ்கீ சரிவு. புதியவர்களை மனதில் வைத்தே அமைத்த இடம் என்பதால் இந்த முறைதான் அங்கே பாடம். ஆண்டு முழுக்கத் திறந்திருப்பதால், சீசன் முடிந்ததும் ஆட்களைக் கலைத்துவிட்டு நவம்பரில் புதியவர்களை எடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. முதல் நாள் மாணவர்களையே மாதக்கணக்கில் பார்த்துத் தேறிய பயிற்றுநர் உருவாக அங்கே வாய்ப்பிருக்கிறது. ஆனால் சரிவின் உயரம் மொத்தம் 160 அடிதான். மூன்றாம் நிலைத் தேர்வு கேட்கும் செங்குத்தும் மேடுபள்ளமும் அதற்குள் அடங்காது. சங்கத்தின் ஏணியில் மேலே ஏற வேண்டுமென்றால் அந்தப் பயிற்றுநரும் முதல் நாள் ஆட்களை வேறொருவரிடம் விட்டுவிட்டு மலைக்குத்தான் போக வேண்டும்.